ஃபின் போட்டும் நகரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் சுழியோட வருபவர்களில் பலர் முதல் நாள் வாடகை ஃபின்னை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, குறை சொல்வார்கள். இரண்டாம் நாள் வேறொரு சோடி கேட்பார்கள். மூன்றாம் நாள் அதுவும் சரியில்லை. ஃபின்னில் பிழை இருப்பதும் உண்டுதான், ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். முதலில் உதை, அடுத்து தாழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயம், மூன்றாவது ஃபின்னில் கால் நுழையும் பாதக்கூடு. இவை மூன்றும் சரியென்று தெரிந்த பிறகுதான் தண்ணீரைத் தள்ளும் தகட்டைப் பற்றிப் பேசலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் வீட்டில்தான் பாவிக்காத ஃபின் மூன்று சோடி கிடக்கும்.

இதில் வீணாவது காசைவிடக் காற்றுத்தான். கல்குடாவுக்கு வெளியே கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9இல், ஹேர்மிஸ் விமானந்தாங்கி தாழ்ந்த அதே நாளில், ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய கப்பல் அது. ஆழம் ஏறத்தாழ 25 மீற்றர், அழுத்தம் 3.5 பார், அதாவது மேற்பரப்பில் இருப்பதைப்போல மூன்றரை மடங்கு. வழக்கமான 11 லீற்றர் அலுமினியம் சிலிண்டரில் 200 பார் காற்று என்றால் 2,200 லீற்றர். 50 பாரை ஒதுக்கினால் கையில் 1,650 லீற்றர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு எடுப்பவருக்கு அந்த ஆழத்தில் 70 லீற்றர் போகும், ஆகவே 23 நிமிடம் கிடைக்கும். வீண் உதையால் அதே மூச்சு 30 லீற்றர் ஆனால் நிமிடத்துக்கு 105 லீற்றர், 16 நிமிடம்கூட இல்லை. இறங்கி ஏறும் நேரமும் இதற்குள்ளேதான்.

முதலில் ஓர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள்

எது பிழை என்று தேடுவதற்கு முன் ஓர் எண் வேண்டும். 30 மீற்றர் நைலோன் கயிற்றின் இரண்டு முனைகளிலும் மண் நிரப்பிய போத்தல் கட்டி, பாசிக்குடாவின் அமைதியான பகுதியில், படகுகள் ஓடாத இடமாகப் பார்த்து, கரைக்கு இணையாகப் போடுங்கள். 3 மீற்றர் ஆழம் கிடைத்தால் நல்லது. முழு உபகரணத்தோடும் அவசரமில்லாமல் ஒரு முறை போய் ஒரு முறை திரும்புங்கள். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளினாலும் இரண்டின் சராசரி கிட்டத்தட்டச் சரியாக வரும். வலது கால் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையையும் ஓர் உதையாக எண்ணுங்கள். நேரத்தையும் குறியுங்கள்.

ஒன்றரை நிமிடத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கும் இடையில், 30க்குச் சற்று முன்பின்னாக உதைத்து ஒரு வழியைக் கடந்தால் பெரிய பிழை எதுவும் இல்லை. 45, 50 என்று போனால் கீழே உள்ளவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே கயிற்றில் திரும்ப எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஈயத்தையும் ஃபின்னையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று பிறகு யாரைக் கேட்பது?

எவ்வளவு உதைத்தாலும் முன்னேற்றம் இல்லை

பத்தில் ஏழு எட்டு முறைப்பாடு இதுதான். மூன்று காரணங்கள், மூன்றுக்கும் வேறு வேறு சோதனை.

முதலாவது சைக்கிள் உதை. முழங்கால் வயிற்றை நோக்கி வந்து, பிறகு பாதம் கீழே மிதிக்கும். பார்ப்பதற்குப் பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். ஆனால் தகட்டின் முகம் தண்ணீரைப் பின்னால் தள்ளவில்லை. விளிம்பு தண்ணீரை வெட்டிக்கொண்டு போய் வருகிறது, அவ்வளவுதான். தனக்கு இது இருக்கிறதென்று உதைப்பவருக்குத் தெரியாது. கூட வருபவரைப் பக்கத்திலிருந்து கைப்பேசியில் அரை நிமிடம் படமெடுக்கச் சொல்லுங்கள். உதையின் எந்தக் கட்டத்திலாவது தொடை உடம்புக்குச் செங்குத்தாக வந்தால் இதுதான் பிழை.

திருத்துவதற்குக் கடற்கரை வேண்டாம், நீச்சல் தடாகம் போதும். ஓரத்தைப் பிடித்துக் குப்புறப் படுத்து, உதையை இடுப்பிலிருந்து தொடங்குங்கள். முழங்கால் சற்று மடங்கலாம், ஆனால் மடக்குவது நீங்களாக இருக்கக் கூடாது, தண்ணீராக இருக்க வேண்டும். கால் விரல் நுனியை நீட்டி வையுங்கள். கணுக்கால் மட்டும் தளர்ந்திருக்கட்டும். இரண்டு பாதத்துக்கும் இடையிலான விரிவு அரை மீற்றருக்கு மேல் போக வேண்டாம். அகல உதைத்தால் தகடு உடம்பின் நிழலை விட்டு வெளியே வந்து தானே தடையாகிவிடும்.

இரண்டாவது காரணம் உடம்பின் சாய்வு. தலை மேலே, கால் கீழே, 30, 40 பாகையில் சாய்ந்து நீந்துபவர் ஒரு கதவை முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பவர் மாதிரி. நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் தண்ணீரில் முட்டும். பெரும்பாலும் இதன் வேர் கூடுதல் ஈயம். சோதனை எளிது. ஆழத்தில் மட்டமாக நின்று உதையை முழுதாக நிறுத்துங்கள். 15 விநாடி எதுவும் செய்யாமல் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அப்படியே தாழ்ந்தால், இவ்வளவு நேரமும் உங்கள் உதையில் ஒரு பங்கு உங்களைத் தூக்கிப் பிடிக்கத்தான் செலவாகியிருக்கிறது. பிசிடிக்குள் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) கொஞ்சம் காற்று விட்டுத் திரும்பப் பாருங்கள்; ஆளையே மாற்றியதுபோல இருக்கும். ஆனால் அது தற்காலிகத் தீர்வு. ஈயத்தைச் சரியாக எண்ணுவது எப்படி என்று கீழே பார்க்கலாம்.

மூன்றாவதுதான் ஃபின். தகடு மிக மென்மையாக இருந்தால் வேகமாக உதைக்கும்போது மடிந்து தண்ணீரைக் கொட்டிவிடும். படமெடுத்தீர்களே, அதையே பாருங்கள். கால் கீழே இறங்கும்போது தகடு மெல்ல வளைந்து, திரும்பும்போது நுனி சொடுக்குவதுபோல வந்தால் சரி. நடுவில் மடிந்து கால் அடியோடு சேர்ந்து நின்றால் அது மிக மென்மை. வளையவே இல்லையென்றால் உங்கள் காலுக்கு அது கடினம்.

நடுப்பிளவு உள்ள ஃபின்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறிய, விரைவான, மாறி மாறி அடிக்கும் உதைக்காகச் செய்யப்பட்டது அது. அதைப் போட்டுக்கொண்டு அகலமாக ஓங்கி உதைத்தால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு காலையும் ஒன்றாக விரித்துச் சேர்க்கும் தவளை உதைக்கும், பின்னோக்கி நகர்வதற்கும் அது உதவாது. முழங்கால் நோவு உள்ளவர்களுக்கு இதமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. வாடகைக்கு அது கிடைத்தால் உதையைச் சுருக்கி விரைவாக்குங்கள். கழற்றி எறிய வேண்டியதில்லை.

கால் பிடிக்கிறது

எந்தத் தசை என்பதில்தான் விடை இருக்கிறது.

கெண்டைக்கால் பிடித்தால் தகடு உங்கள் காலுக்குக் கடினம், அல்லது பாதத்தை இறுக்கி நீட்டியபடி உதைக்கிறீர்கள். உள்ளங்காலின் வளைவில் பிடித்தால் தகட்டை விடுங்கள், பாதக்கூடு பெரிது. ஃபின் கழன்று போகாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், பத்து நிமிடத்தில் அந்தச் சிறு தசைகள் களைத்துவிடும். தொடையின் முன்பக்கம் எரிந்தால் சைக்கிள் உதை. தொடையின் பின்பக்கம் என்றால் தவளை உதையில் குதிக்காலைப் பிட்டத்துக்கு மிகக் கிட்டே இழுக்கிறீர்கள்.

தண்ணீர் குடிக்காததால்தான் பிடித்தது என்று படகில் யாராவது சொல்வார்கள். குடியுங்கள், இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் எப்போதும் வலது கால் மட்டும் பிடித்தால்? இரண்டு காலும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தன. அந்தப் பக்கத்துப் பட்டியையும் கூட்டையும் பாருங்கள்.

கீழே இருக்கும்போதே கெண்டைக்கால் பிடித்தால் உதையை உடனே நிறுத்துங்கள். துணைக்கு வருபவருக்குச் சைகை காட்டுங்கள். தாழாமல் இருக்கப் பிசிடியைச் சரிசெய்துகொண்டு, பிடித்த காலின் ஃபின் நுனியைக் கையால் பிடித்து, முழங்காலை நீட்டியபடி நுனியை உங்களை நோக்கி இழுங்கள். 20, 30 விநாடி அப்படியே வைத்திருங்கள். விட்டுவிட்டு இழுத்தால் தசை இன்னும் இறுகும். கை எட்டாவிட்டால் துணையாளர் நுனியைத் தள்ளலாம். விட்ட பிறகு அதே உதைக்குத் திரும்பாதீர்கள், தவளை உதையில் மெதுவாக வாருங்கள். இரண்டாம் முறையும் பிடித்தால் அன்றைய முழுக்கு அவ்வளவுதான்.

குதிக்கால் உரசுகிறது, கொப்புளம் போடுகிறது

வெறுங்காலில் போடும் முழுப்பாத ஃபின்னில் மணல் புகுந்தால் தோல் போகும். படகில் போடுவதற்கு முன் கூட்டைக் கடல் நீரில் அலசுங்கள், மெல்லிய நியோபிரீன் காலுறை போடுங்கள். குதிக்கால் திறந்த ஃபின் என்றால் நியோபிரீன் சப்பாத்தோடு சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும். 3 மில்லிமீற்றர் சப்பாத்தோடு வாங்கிய ஃபின்னை 5 மில்லிமீற்றர் சப்பாத்துக்குப் போட்டால் விரல் மரத்துப்போகும். கிழக்குக் கடலின் சூட்டுக்கு 3 தாராளம். கூட்டுக்குள் கால் போனதும் விரல்களை அசைக்க முடிய வேண்டும், ஆனால் காலைத் தூக்கி உதறினால் குதிக்கால் அசையக் கூடாது.

முருகைக்கல் உள்ள கரையிலிருந்து நடந்து இறங்குவதானால் சப்பாத்து இல்லாத யோசனையே வேண்டாம். கடல் முள்ளுக்கு உங்கள் ஃபின்னின் விலை தெரியாது.

கால் தாழ்கிறது, அல்லது மேலே மிதக்கிறது

மேலே சொன்ன 15 விநாடிச் சோதனையில் தாழாமலும் ஏறாமலும் நின்று, ஆனால் உடம்பு மெல்லச் சுழன்றால் பாரம் இருக்கும் இடம் பிழை. கால் கீழே போனால்: கனமான றப்பர் ஃபின், இடுப்பில் தாழ்வாகக் கட்டிய ஈயப் பட்டி, அல்லது தாழக் கட்டிய சிலிண்டர். முதலில் செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். சிலிண்டரை 3, 4 சென்றிமீற்றர் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இடுப்பு ஈயத்தில் 1 கிலோகிராமைக் கழற்றிச் சிலிண்டரின் மேல் பட்டிக்கு மாற்றுங்கள்.

கால் மேலே போனால் எதிர்ப்பக்கம்: மிதக்கும் பிளாஸ்ரிக் தகடு, தடித்த சப்பாத்து. இங்கேதான் கனமான றப்பர் ஃபின்னுக்கு வேலை இருக்கிறது. 1964இல் பிரான்சின் போஷா நிறுவனம் கொண்டுவந்த, துவாரங்கள் உள்ள ஜெட் ஃபின்னின் வழியில் வந்தவை இவை. குட்டை, கடினம், பெரிய அளவில் ஒரு சோடி 3 கிலோகிராமளவு. பழைய சாமான் என்று சிரிப்பவர்களும் கப்பல் சிதைவுக்குப் போகத் தொடங்கினால் இதற்கே திரும்புகிறார்கள். ஆனால் மெல்லிய உடையோடு, கால் ஏற்கெனவே தாழ்பவர் இதைப் போட்டால் கடலடியில் நிமிர்ந்து நடக்கத்தான் முடியும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, முடியும் நேரத்தில் மட்டும் இடுப்பு மேலே போகிறதா? ஃபின்னைக் குற்றம் சொல்லாதீர்கள். அலுமினியம் சிலிண்டரில் 200இலிருந்து 50 பார் வரை போன காற்றின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம். ஈயத்தை எண்ண வேண்டிய நேரமும் அதனால் அதுதான். முழுக்கின் முடிவில், 5 மீற்றர் ஆழத்தில், 50 பார் மீதமிருக்க, பிசிடியில் காற்று இல்லாமல் அசையாது நிற்க முடிய வேண்டும். தாழ்ந்தால் அடுத்த முழுக்குக்கு 1 கிலோகிராம் குறையுங்கள்.

பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியவில்லை

அதாவது நீங்கள் அடிமண்ணைக் கிளப்புகிறீர்கள். முருகைப் பாறையை ஒட்டியும் கப்பலுக்குள் எட்டிப் பார்க்கும்போதும் மாறி மாறி அடிக்கும் உதை வேண்டாம். ஒவ்வொரு கீழ் அடியும் ஒரு சுழலைக் கீழே அனுப்பும். தகடு தரையைத் தொடாவிட்டாலும் அந்தச் சுழல் தொடும். மழைக்காலத்தில் ஆறும் வாவியும் கொண்டுவரும் வண்டல் படிந்த இடங்களில் ஓர் அடி போதும், ஐந்து நிமிடம் பால்த் தேத்தண்ணிதான்.

தவளை உதையைத் துண்டு துண்டாகப் பழகுங்கள். முழங்காலை 90 பாகை மடக்கி, உள்ளங்கால் மேலே பார்க்க, ஃபின் உடம்பின் மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். தொடங்கும் நிலை இது. கணுக்காலை வெளிப்பக்கம் திருப்புங்கள், தகட்டின் முகம் பின்னால் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. கணுக்கால் திரும்பாவிட்டால் தகடு விளிம்பாகவே போய்வரும். இப்போது இரண்டு காலாலும் வெளியே, பின்னால், பிறகு உள்ளே என்று ஒரு வளைவு போட்டு, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்க்க முடியுங்கள். அதன் பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று விநாடி வழுக்கிப் போவதுதான் இந்த உதையின் இலாபம். அதை விட்டு உடனே அடுத்ததை அடிப்பவர் முதலைப் போட்டுவிட்டு வட்டியை வாங்காமல் போகிறார். காலை மடக்கி எடுக்கும்போது மெதுவாக எடுங்கள், வேகமாக எடுத்தால் அதுவே பிரேக்.

முழங்கால் இடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் உதை மண்ணில்தான் விழும். சந்தேகமென்றால், தொடையை அசைக்காமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் வேலை வாங்குங்கள். இதற்குக் குட்டையான, கடினமான, அகலத் தகடு பொருந்தும். மூச்சடக்கிச் சுழியோடுபவர்களின் நீளத் தகடு வேகமும் தூரமும் தரும், ஆனால் கப்பலின் இரும்புக்கும் அறுந்த வலைக்கும் நடுவில் அதைத் திருப்ப இடமில்லை.

ஒரு பக்கமாகவே போகிறது

வலதுகால் ஃபின்னை இடதுகாலிலும் இடதை வலதிலும் மாற்றிப் போடுங்கள். பெரும்பாலான ஃபின்களில் இடம் வலம் இல்லை. திரும்பும் பக்கம் மாறினால் பிழை ஃபின்னில், மாறாவிட்டால் உங்களில். பிறகு பார்க்க வேண்டியவை: ஒரு கையில் பிடித்த கமரா, ஒரு பக்கம் கூடுதல் ஈயம், சரிந்த சிலிண்டர்.

நீரோட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது

இதற்குப் புதிய ஃபின் வாங்கப் போகிறவர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தடை 4 மடங்கு. அதற்கு வேண்டிய வலு 8 மடங்கு. நல்ல தகட்டுக்கும் சாதாரணத் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 8 மடங்கை ஈடுசெய்யாது. மூச்சு வாங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். நங்கூரக் கயிற்றையோ, உயிருள்ள முருகை இல்லாத வெறும் பாறையையோ பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். தலையிடி வந்தால் கரியமில வாயு சேர்ந்துவிட்டதென்று பொருள், முழுக்கை முடியுங்கள். அடியை ஒட்டிய ஓட்டம் நடுத்தண்ணீரைவிட மெதுவாக இருக்கும், கப்பலின் மறைவுப் பக்கம் இன்னும் மெது. போகும்போது எதிராகவும் வரும்போது கூடவும் ஓட்டம் இருக்குமாறு வழியைப் போடுங்கள்.

50 மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கும் ஹேர்மிஸ் இந்தக் குறிப்புகளுக்கு அப்பாற்பட்டது. அங்கே இறங்க வேறு பயிற்சியும் வேறு வாயுவும் வேண்டும்.

பட்டி அறுந்தது, தகடு கோணியது

றப்பர் பட்டி சொல்லாமல் அறுவதில்லை. இறங்கும் நாளின் காலையில் இரண்டு கையாலும் இழுத்து, கொளுக்கி சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஸ்பிரிங் பட்டி போட்டால் இந்தக் கவலையும் இறுக்கித் தளர்த்தும் வேலையும் போகும். ஃபின்னுக்காகச் செலவு செய்ய ஆசைப்படுபவர் முதலில் இதற்குச் செய்யட்டும். தண்ணீருக்குள் ஒரு ஃபின் போய்விட்டால், இருக்கும் காலுக்குப் பின்னால் மற்றக் காலைக் குறுக்காகப் போட்டு, இரண்டையும் சேர்த்து டொல்பின்போல அசைத்து வரலாம்.

ஏறும்போது அலை இருந்தால், ஏணியையோ கயிற்றையோ பிடிக்கும் வரை ஃபின்னைக் கழற்றாதீர்கள். கை நழுவினால் ஃபின் இல்லாத கால் ஒன்றுக்கும் உதவாது.

கோணிய தகடு பெரும்பாலும் வெயிலின் வேலை. கச்சான் வீசும் மாதங்களில் ஃபைபர் படகின் தட்டில் ஒரு மதியம் கிடந்தாலும், நுனி தரையில் ஊன்றச் சுவரில் சாய்த்து வைத்தாலும் பிளாஸ்ரிக் அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். லேசாகக் கோணியதை 60 பாகை அளவிலான சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, தட்டையான பலகையில் பாரமேற்றி ஆறவிட்டால் பெரும்பாலும் நிமிரும். கொதிநீர் வேண்டாம். பாதக்கூடும் தகடும் சேரும் இடத்தில் வெடித்திருந்தால் எந்தப் பசையும் நிற்காது, தூக்கிப் போடுங்கள்.

ஐப்பசியில் வாடை தொடங்கிக் கடல் மூடும்போது நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வாங்கும்போது பாதக்கூட்டுக்குள் இருந்த பிளாஸ்ரிக் அச்சைத் திரும்பப் போட்டுத் தட்டையாக வையுங்கள். அச்சு இல்லையென்றால் பழைய பத்திரிகையை உருட்டித் திணிக்கலாம், ஆனால் ஈரமான பத்திரிகை பூஞ்சணம் பிடிக்கும்.